வெள்ளைத் தரை

போடியில் வீடு கட்டி முடிக்கும் தறுவாயில், டைல்ஸ் எடுக்க மனைவியோடு கடைக்குப் போனேன். பளபளக்கும் வெள்ளையைப் பார்த்த பிறகு வேறெதிலும் எனக்குக் கண் போகவில்லை. கடைக்கார பாய்தான் தயங்கினார்.

"அண்ணே, வீட்ல மலைச் சோலிக்குப் போறவுக இருந்தா வெள்ளை வேணாம். சேறும் கறையும் அப்படியே தெரியும்."

பக்கத்தில் தெரிந்தவர்கள் நின்றார்கள். "அப்படி யாரும் எங்க வீட்ல இல்ல பாய்" என்றேன்.

பதினைந்து வருடமாகக் குரங்கணிக்கு மேலே மலைத் தோட்டத்துக்கு ஜீப்பில் போய் ஏலக்காய் பறிப்பவள் என் மனைவி. அவள் ஏலக்காய்க் கறை ஏறிக் கறுத்த விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தும் நான் வெள்ளைக்கே முன்பணம் கொடுத்தேன்.

குடிபோன பிறகு ஒரு மழை நாள். மலையிலிருந்து வந்தவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"சாரல் அடிக்குது, உள்ள வா."

"இருக்கட்டும். மலைச் சோலிக்குப் போறவ இந்த வீட்ல இல்லன்னு சொல்லிட்டீகளே."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. மன்னிப்புக் கேட்டேன், சிரித்தாள். ஆனாலும் வேலைக்குப் போய்வரும் நாட்களில் இன்றும் அந்தப் படியில்தான் சாப்பிடுகிறாள். வெள்ளைத் தரையில் ஒரு சேற்றுக் காலடி விழாதா என்று நான்தான் காத்திருக்கிறேன்.