ரசீதுக்காரர் காசு கொடுக்கும் சாவடி

போலீஸ்காரர் கை காட்டியதும் எங்கள் டிரைவர் லாரியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, இருக்கைக்குப் பின்னாலிருந்து மடக்கு நாற்காலியை எடுக்கிறார். இறங்கி, லாரி நிழலில் அதை விரித்து, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு சாவகாசமாக உட்காருகிறார். பிறகுதான் லைசென்ஸை நீட்டுகிறார். பிழைக்கப் போன அந்த நாட்டு மொழியில் அவருக்குத் தடங்கலில்லாமல் வருவது ஒரே ஒரு வாக்கியம். "ரசீது குடுங்க சார், எவ்வளவு வேணாலும் கட்டறேன்."

ரசீது என்றதும் அந்தப் போலீஸ்காரர்களின் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். லாரியைச் சுற்றி வருவார்கள். டயரை உதைப்பார்கள். சரக்குக் காகிதங்களை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் படிப்பார்கள். டீ செலவுக்காவது ஏதாவது கொடு என்று கொஞ்சம் இறங்கி வருவார்கள். இவர் ஒரு ஆரஞ்சை உரித்து, அவர்களுக்கும் ஒரு சுளை நீட்டுவார். வெயில் ஏறும். பின்னால் வரும் லாரிக்காரர்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் பறந்துகொண்டிருப்பார்கள். கடைசியில் போலீஸ்காரருக்கே சலித்துப்போய் லைசென்ஸை இவர் மடியில் எறிந்துவிட்டுப் போவார்.

கம்பெனியில் நம் ஆட்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் ரசீதுக்காரர். நான் சரக்குக்குத் துணையாகப் போகிறவன். மருந்துப் பெட்டிகள் ஏற்றினால் ஒருவர் கூடப் போக வேண்டும் என்பது அங்கே விதி. மற்ற டிரைவர்களோடு போனால் மத்தியானத்துக்குள் ஊர் சேரலாம். இவரோடு போனால் பொழுது சாய்ந்துவிடும். "பயமா இல்லையாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என்ன பயம் தம்பி? அவனுக்கு வேண்டியது காசு. என்கிட்ட இருக்கறது நேரம். எது முதல்ல தீருதுன்னு பாத்துடுவோமே."

சுத்தக் கஞ்சன் என்று சொல்கிறவர்களும் உண்டு. கஞ்சன் ஆரஞ்சு கொடுக்க மாட்டான்.

இத்தனை வீராப்பும் ஒரே ஒரு இடத்தில் காற்றில் போய்விடும். வடக்குச் சாலையில், பெரிய நகரத்துக்குச் சற்று முன்னால் ஒரு சாவடி. அங்கே நாற்காலி இறங்காது. யாரும் கை காட்டுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, லைசென்ஸ் உறைக்குள் நோட்டை மடித்து வைத்து ஜன்னல் வழியாக நீட்டிவிடுவார். அங்கிருந்த தொப்பைக்காரப் போலீஸ்காரர் உறையைத் திறந்து, நோட்டை உருவிக்கொண்டு, சிரித்தபடி ஏதோ சொல்லி அனுப்புவார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "வீட்டுக்காரியக் கேட்டதாச் சொல்லச் சொல்றான்" என்றார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அவர் மனைவி அந்த நகரத்து ஆஸ்பத்திரியில், துணி வெளுக்கும் பகுதியில் இஸ்திரி மெஷினில் நிற்கிறார். இருவரும் ஒரே விமானத்தில் வந்து இறங்கியவர்கள். மறுநாளே அவரைத் தெற்கேயும் மனைவியை வடக்கேயும் அனுப்பிவிட்டார்கள். "ஒரே நாட்டுல வேலைன்னுதான் ஏஜென்ட் சொன்னான். அவன் பொய் சொல்லலியே" என்பார். பெண்கள் விடுதிக்குள் புருஷனே ஆனாலும் ஆணுக்கு இடமில்லை. வடக்கே சரக்குப் போகும் நாளில், மனைவிக்குக் கிடைக்கும் அரை மணி இடைவேளையில், ஆஸ்பத்திரிப் பின்வாசலில் கிடக்கும் சிமெண்ட் பெஞ்சில் உட்காருவார்கள். அவர்களுடைய குடித்தனம் அவ்வளவுதான்.

"அந்த அரை மணியில என்னண்ணே பேசுவீங்க?"

"பேசறதா? விடிகாலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருப்பா. வந்து உக்காந்ததும் தோள்ல சாஞ்சு தூங்கிடுவா. நான் கைய அசைக்காம உக்காந்திருப்பேன்." கொஞ்ச தூரம் போனபிறகு தானாகவே, "அது போதும் தம்பி" என்றார். போதவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

வடக்கே போகிற நாளில் அவர் பழைய சட்டைதான் போடுவார். புதுசு என்றால் தூங்குகிறவள் கன்னத்தில் உறுத்துமாம்.

போன வாரம் அவரோடு வடக்கே போனேன். கிளம்பும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து அவரைத் துறைமுகச் சாலையில் போடுகிறார்கள். மறுபடி வடக்கே எப்போது என்று மேலாளருக்கே தெரியாது. இதை இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை. "நேர்ல சொன்னா தாங்கிப்பா. போன்ல சொன்னா அழுவா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு." வழியில் எங்களை யாருமே மறிக்கவில்லை. நல்ல சகுனம் என்று நான்தான் வாயை வைத்தேன்.

வடக்குச் சாவடியில் தொப்பைக்காரரைக் காணோம். மாற்றலாகிவிட்டாராம். அந்த இடத்தில் ஒரு பெண் அதிகாரி நின்றாள். நம்மவர் பழக்கதோஷத்தில் உறையை நீட்டிவிட்டார். அவள் திறந்தாள், நோட்டைப் பார்த்தாள். அதை இரண்டு விரலால் எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டு, லாரியை ஓரமாக விடச் சொன்னாள்.

அப்புறம் எல்லாம் சட்டப்படி நடந்தது. பெட்டிகளைக் காகிதத்தோடு ஒப்பிட்டாள். தீயணைக்கும் உருளை, முதலுதவிப் பெட்டி, டயர், விளக்கு, ஒன்றையும் விடவில்லை. இவர் அவள் பின்னாலேயே நடந்து, தெரிந்த அரைகுறைச் சொற்களைக் கோத்து, மனைவி, ஆஸ்பத்திரி, அரை மணி என்று சொல்லிப் பார்த்தார். அவள் நின்று, நிதானமாக ஒரு பதில் சொன்னாள். "காசு நீட்டறவங்க எல்லாரும் ஒரு காரணத்தோடதான் வராங்களாம்" என்று எனக்குச் சொன்னார். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாங்கித் தொலையேன் அம்மா என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒருத்தர் லஞ்சம் வாங்க வேண்டுமென்று நான் வேண்டிக்கொண்டது அன்றுதான்.

பின்விளக்கு ஒன்று எரியவில்லை. அபராதத்தை வாங்கிக்கொண்டு, முத்திரை குத்திய ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். இத்தனை வருஷம் கேட்டு ஒருத்தரும் கொடுக்காத ரசீது. வேறு நாளாக இருந்தால் இவரே அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். அன்று படித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஓடிவந்து ஏறினார்.

ஆஸ்பத்திரிப் பின்வாசலில் பெஞ்சு காலியாக இருந்தது. காவலாளி எங்களைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அன்றைக்கு அந்த அம்மா உட்காரவே இல்லையாம். கேட்டைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மணி அடித்தபிறகுதான் உள்ளே போனாராம். வேலைக்குப் போகிறவர்களின் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இனிமேல் இருட்டின பிறகுதான் வெளியே வருவார். எங்கள் மருந்து அதற்கு வெகு முன்னாலேயே கிடங்கில் இறங்கியாக வேண்டும்.

"போலாம்ணே" என்றேன்.

அவர் நகரவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேல்மாடியில் ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து புஸ்ஸென்று வெள்ளையாக ஆவி வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

"அது அவ மெஷினு" என்றார். "பலகையத் தூக்கறப்பல்லாம் ஆவி வரும். போர்வைன்னா நெறைய வரும். தலகாணி உறைன்னா கொஞ்சமா வரும். அவதான் சொல்லியிருக்கா."

நான் லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் தெருவிலேயே நின்று, துறைமுகச் சாலை விஷயத்தை அந்தச் சுவரைப் பார்த்து மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆவி வந்தபோதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது அடங்கும்வரை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.