செனாய்டா கேட்ட ஜெபம்

செனாய்டாவும் நானும் எங்கள் ஊரான துரானில் ஒரே இறால் கம்பெனியில் பதினோரு வருஷமாக எதிரெதிரே நின்று இறால் தலை கிள்ளுபவர்கள். ஐஸ் தண்ணீரில் விரல்கள் மரத்துப்போகும். மேஜையில் மற்றவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் வாய் திறக்கமாட்டாள். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் சபையில் பெண்கள் கூடும்போது ஜெபத்தைத் தொடங்க அவளைத்தான் கூப்பிடுவோம். பக்கத்து வீட்டில் போய் உரிமையோடு கேட்பதுபோல ஆண்டவரிடம் கேட்பாள். என் கணவருக்கு ஈரலில் கட்டியோ என்று பயந்திருந்த சமயம், "ஆண்டவரே, இந்த மனுஷன் ஒரு துரும்பைக்கூட நகத்தமாட்டான், ஆனாலும் ரொசௌராவுக்கு இவன் வேணுமாம்" என்று என் பெயரைச் சொல்லி அவள் கேட்டதில் அழுதுகொண்டிருந்த நானே சிரித்துவிட்டேன்.

அவள் கணவர் ஹசிந்தோ மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறார். ஒரே மகள் யாமிலெத், எங்களுக்கெல்லாம் யாமி. நெடுநெடுவென்று வளர்ந்த பெண். பள்ளிக் கைப்பந்து அணியில் வலைக்கு முன்னால் நிறுத்துவதற்கென்றே பிறந்தவள் என்று ஹசிந்தோ பெருமையடித்துக்கொள்வார்.

எங்கள் பக்கம் 'ஆச்சே' என்று ஒரு பொடி உண்டு. ஹெராயினில் கண்டதையும் கலந்து மடித்து விற்பது. பள்ளிச் சுவரோரமே கிடைக்கும். அதன் போதை இறங்கும்போது உடம்பை முறுக்கும் வலியைப் பிள்ளைகள் 'குரங்கு' என்பார்கள். குரங்கு தோளில் ஏறிவிட்டால் அடுத்த மடிப்பு கிடைக்கும்வரை இறங்காது. யாமிக்குப் பதினாறு வயதில் ஏறியது. சளி, கால்வலி என்று அவள் சொன்னதைச் செனாய்டா நான்கு மாதம் நம்பினாள். இஞ்சி போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தெரிந்த பிறகு அவள் பயத்திலேயே வாழ்ந்தாள். குளியலறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பாள். தண்ணீர்ச் சத்தம் நின்றால் தட்டுவாள். கம்பெனியில் யாருடைய போன் அடித்தாலும் அவள் கையிலிருந்து இறால் நழுவும். ஹசிந்தோ வீட்டுக்குப் பூட்டு வாங்கினார். யாமி கூரைத் தகரத்தை நெம்பிக்கொண்டு போனாள். இத்தனை நடந்தும், யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர் பெயரை எழுதிப் போடும் எங்கள் வியாழக்கிழமை ஜெபக் கூடையில் அவள் மகள் பெயரெழுதிய சீட்டு விழவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கேட்டாள். தன் மகளுக்கு மட்டும் வாயைத் திறந்து கேட்க அவளுக்கு வெட்கம்.

ஒருமுறை யாமி இரண்டு நாள் வீடு திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஹசிந்தோ அவளைப் பழைய ரயில் கொட்டகையில் கண்டுபிடித்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். காலில் செருப்பில்லை. செனாய்டா அவளைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்துவிட்டு, தனியாகச் சபைக்குப் போய் மண்டியிட்டாள். அங்கே என்ன கேட்டாள் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

அதற்கு நாலாம் நாள், நண்பகலில், குளியலறையில் எதுவோ விழுந்த சத்தம். ஹசிந்தோ கதவை உதைத்துத் திறந்தார். யாமியின் உதடு நீலம் பாரித்திருந்தது. செனாய்டா மகளின் வாயில் வாய் வைத்து ஊதினாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. ஆம்புலன்ஸ் வந்தபோதும் நிறுத்தவில்லை. இரண்டு பேர் சேர்ந்து அவளைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. யாமி பிழைத்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததில் எனக்கும் பங்குண்டு. தௌலே சாலையில் ஒரு மீட்பு இல்லம் இருந்தது. அதன் பெயரைச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது. என் அத்தை மகனை அங்கேதான் விட்டிருந்தார்கள், அவன் திருந்தியும் வந்தான். பைபிளும் கட்டுப்பாடும் என்று அவர்கள் சொன்னதை நம்பி நான்தான் செனாய்டாவிடம் எடுத்துச் சொன்னேன். மூன்று மாதம் பார்க்க வரக்கூடாது என்பது அங்கே விதி. பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இல்லத்தாரே வந்து அழைத்துப்போவார்கள். செனாய்டா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே யாரும் சாவதில்லையே என்று மட்டும் என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன்.

காலைச் சாப்பாட்டு வேளையில் வந்தார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். யாமி இடித்த வாழைக்காய் உருண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று ஆம்பிளைகள் அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். "அம்மா, என்னைக் குடுத்துடாத. நான் பூட்டின வீட்டுலயே இருக்கேம்மா" என்று அவள் வண்டி வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள். செனாய்டா வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். எடு என்றுகூடச் சொல்லாமல் தள்ளிப் போய்விட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை ஜெபத்துக்கு அவளைக் கூப்பிட்டோம். எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வருவாள், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். பாட்டுக்குக்கூட உதடு அசையாது. இல்லத்துக்குப் போன் செய்தால் பிள்ளை நன்றாக இருக்கிறாள், சதை போட்டிருக்கிறாள் என்று ஒரே பதில். யாமியின் குரலைக் கேட்கவிடவில்லை.

ஆறாவது வாரம் ஃபெர்மினா அக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஃபெர்மினா எங்கள் கம்பெனியில் எடை போடுபவள். அவள் மகன் அதே பொடியில் இரண்டு வருஷம் முன்னால் போய்விட்டான். ஏன் வாய் திறக்கமாட்டேன் என்கிறாய் என்று அவள் நேராகவே கேட்டாள். செனாய்டா சொன்னாள்:

"கொட்டகையில கெடந்தவள கூட்டிட்டு வந்த அன்னிக்கு இங்க வந்து கேட்டேன்க்கா. ஆண்டவரே, என்னால முடியல, நீரே இவள எடுத்துக்கும்னு கேட்டேன். நாலே நாள்ல அவ நீலமாக் கெடந்தா. பாதி எடுத்துட்டாரு. மிச்சத்த எப்ப எடுப்பாரோ. இனிமே நான் வாயத் தொறந்தா என்னா வருமோன்னு பயமா இருக்கு."

அறையில் பதினைந்து பெண்கள். பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி நினைத்ததே இல்லை என்று சொல்லக்கூடியவர்கள் எங்களில் எத்தனை பேர் இருந்தோம் என்று எனக்குச் சந்தேகம்.

ஃபெர்மினா சொன்னாள்: "நான் தெனமும் என் பையன் உசுரக் கேட்டேன்டி. முட்டி தேயத் தேயக் கேட்டேன். போயிட்டான். நாம சொல்றபடிதான் அவர் நடக்கிறாருன்னா என் பையன் இந்நேரம் வீட்டுல சோறு துன்னுட்டு என்னைத் திட்டிட்டு இருக்கணும். உன் வாய்க்கு அவ்ளோ பலம் இல்ல. பேசு."

அது ஆறுதலா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. செனாய்டா ஃபெர்மினாவின் கையைப் பற்றிக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள்.

இரண்டு நாள் கழித்து, கம்பெனிச் சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் செய்தி வந்தது. வேறோர் ஊரில் இதே மாதிரி இல்லம், தீப்பிடித்திருக்கிறது, கதவுகள் வெளியே பூட்டியிருந்தனவாம். செனாய்டா ஏப்ரனைக் கழற்றாமலே வெளியே ஓடினாள். பின்னால் நானும் ஓடினேன். போனில் கூப்பிட்டதும் வந்த ஹசிந்தோவின் வண்டியில் மூன்று பேரும் போனோம். அந்தத் திசையில் எங்காவது புகை தெரிகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே போனேன்.

புகை இல்லை. உயரமான இரும்புக் கதவு, அதன் முன்னால் ஒரு காவல்காரன், அவ்வளவுதான். மூன்று மாதம் ஆகவில்லை, விட முடியாது, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றான். ஹசிந்தோ அவனோடு மல்லுக்கட்டினார். செனாய்டா கதவுக்கு நேரே புழுதியில் மண்டியிட்டு, கண்ணைத் திறந்தபடியே, உரக்க ஜெபிக்க ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, அன்னிக்குக் கேட்டது வேணாம். எடுத்துக்காதேயும். எனக்கு வேணும் அவ. திருந்தலன்னாலும் வேணும். யாமி, கேக்குதா? அம்மா வாசல்ல இருக்கேன்."

சாலையில் போனவர்கள் நின்றார்கள். பழம் விற்கும் பெண்ணொருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். ஒருவர் போனில் படம் பிடித்தார். உள்ளே மேல்மாடியில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. ஒரு கை, பிறகு பல கைகள், தகரத்தில். ஒரு மணி நேரம் போயிருக்கும். படம் பிடிப்பவரைப் பார்த்துவிட்டுத்தான் என்று நினைக்கிறேன், இல்லத்தின் பொறுப்பாளர் கதவைத் திறந்துவிடச் சொன்னார்.

யாமியை வெளியே தள்ளினார்கள். தலை மொட்டை. மணிக்கட்டைச் சுற்றிக் கயிற்றுத் தழும்பு. அவள் அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. வண்டியில் ஏறி மூலையில் சுருண்டுகொண்டாள். மறுநாள் ஹசிந்தோவும் நானும் அந்த இல்லத்தின் மேல் புகார் எழுதிக் கொடுத்தோம். நான்கு வாரம் கழித்து அதைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். உள்ளே இருபத்தாறு பேர் இருந்தார்களாம்.

யாமி பல நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. சுகாதார நிலையத்தில் ஒரு பெண் மருத்துவர் வாரத்துக்கு ஒருநாள் பார்த்தார், மாத்திரை கொடுத்தார். ஒரு மதியம் செனாய்டா மகளுக்கு எதிரே உட்கார்ந்து, தான் கேட்ட அந்த ஜெபத்தை மறைக்காமல் சொல்லிவிட்டாள். எதற்குச் சொன்னாய் என்று நான் பதறினேன். அதையும் மனசில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றாள். யாமி கேட்டுவிட்டு எழுந்து போனாளாம். மறுநாள் சாயங்காலம் வந்து நின்றாளாம்.

"எனக்காக ஜெபம் பண்ணும்மா. ஆனா இனிமே சத்தமா பண்ணு. நீ என்னா கேக்குறன்னு எனக்குத் தெரியணும்."

அன்றிலிருந்து அவர்கள் வீட்டு ஜெபம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். ஐந்தாம் மாதம் யாமி ஒருமுறை மறுபடி பொடி எடுத்துச் சறுக்கினாள். இந்தத் தடவை அவளாகவே வந்து சொன்னாள்; செனாய்டா அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். இப்போது இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாமி ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறாள். சபைக்கு வருவதில்லை. என்னோடு பேசுவாள், ஆனால் கண்ணைப் பார்க்கமாட்டாள். அதைக் கேட்டு வாங்க எனக்கு உரிமையில்லை. செனாய்டாவின் பயம் போய்விட்டதா என்று ஒருநாள் கேட்டேன். போகாது, ஆனால் இப்போது பயமாக இருக்கிறது என்று மகளிடமே சொல்ல முடிகிறது என்றாள். சொல்லிவிட்டு இறால் கிள்ளத் தொடங்கினாள்.