யாரும் புழங்காத பங்களா

எங்கள் ஊரில் தண்ணீருக்கு நிலத்தில் போர் போட வேண்டுமென்றால் ஒருவரைத்தான் கூப்பிட வேண்டும். மண்ணைத் துளைத்துச் சம்பாதித்ததையெல்லாம் மண்மேல் கொட்டி ஒரு பங்களா கட்டினார். குடியிருக்க அல்ல, விற்க. நகரத்தில் ஓய்வுபெற்றவர்கள் நல்ல காற்றைத் தேடிக் கிராமத்துக்கு ஓடிவருகிறார்கள் என்று யாரோ அவர் காதில் ஊதியிருந்தார்கள். இரண்டு மழைக்காலம் போயும் ஒருவரும் ஓடிவரவில்லை. ஊர் அவருக்குப் பங்களாக்காரர் என்று பெயர் வைத்தது. கூப்பிடும்போது சிரிப்பை அடக்கிக்கொள்வோம், நானும்தான்.

அவரும் மனைவியும் இருந்தது பின்னால் பழைய ஓட்டு வீட்டில். புது வீட்டைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அந்த அம்மாவுக்கோ முழங்கால் தேய்ந்துபோய்க் குந்தி உட்கார முடியாது. பழைய வீட்டுக் கக்கூஸில் உட்கார்ந்து எழுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். புது வீட்டில் நாற்காலி மாதிரி உட்காரும் கழிப்பறை சும்மா கிடந்தது.

"காலைல ஒருவாட்டி மட்டும் அங்க போயிட்டு வந்துடறேங்க" என்று கேட்டிருக்கிறார்.

"புது வீடுன்னு சொல்லித்தானே விக்கிறோம்? ஆள் பொழங்கினா அது புதுசா?"

பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு நாள் கார் வந்து நின்றது. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரும் அவர் தம்பியும் இறங்கினார்கள். மோட்டார் சுவிட்சைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியனாக நானும் அங்கே இருந்தேன். பங்களாக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அறை அறையாகக் காட்டிக்கொண்டே போனார்.

"ஈ காக்கா பொழங்கலைம்மா" என்று கழிப்பறைக் கதவைத் தள்ளினார். உள்ளே தாழ் போட்டிருந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கதவு திறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி வெளியே வந்தார்.

"இவங்க... வீடு பெருக்க வர்றவங்க" என்றார் பங்களாக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மா புருஷனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக் குனிந்தார்.

"அதை விடுங்கம்மா. முட்டி இப்படி வீங்கியிருக்கு, முதல்ல உக்காருங்க." நர்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, தரையில் உட்கார்ந்து முழங்காலை அமுக்கிப் பார்த்தார். "வீட்ல கவனிக்க ஆள் இல்லையா?"

"அவருக்கு வேலை ஜாஸ்திம்மா."

பங்களாக்காரரின் முகம் செத்துவிட்டது. இத்தனை நாளில் அந்த முழங்காலை அவர் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. போர் மெஷின் இரைச்சலை மீறிக் கத்திப் பழகியவர், சொன்ன பொய்யை மாற்றிச் சொல்லாமல் கழிப்பறைக் கதவைச் சாத்தப் போனார்.

"வீடு பிடிச்சிருக்கு" என்றார் தம்பி. "பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

"சம்சாரம் பேர்ல."

"அப்ப அவங்களையும் கூப்பிடுங்க, பேசிடலாம்."

மனைவி பேரில் நிலம் வாங்கியவர், அந்த அம்மாவின் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது என்பதைப் பொய் சொன்ன நிமிஷத்தில் மறந்தேபோயிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, "இவங்கதான்" என்றார். யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

நர்ஸ் முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை, பங்களாக்காரரை ஏறிட்டும் பார்க்கவில்லை. "நீங்க சொல்லுங்கம்மா. விக்கிறீங்களா?"

"விக்கலாம்மா. பாவம், அவர் ஆசைப்பட்டுக் கட்டினது. ஆனா என் முட்டி சரியாகட்டும். அதுக்கப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

கார் போய்விட்டது. நான் திருப்புளியைத் தேடுகிற சாக்கில் வெளியே நழுவினேன்.

முட்டி இன்னும் சரியாகவில்லை. வீடு கேட்டு இப்போதும் யாராவது வருகிறார்கள். "எனக்குத் தெரியாதுங்க, அவங்களைக் கேளுங்க" என்பார் பங்களாக்காரர். அவங்கன்னா யார் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள்.

"என் சம்சாரம்" என்பார், தலை நிமிராமல்.