பின்வரிசையிலிருந்து வந்த மெட்டு

சில வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருத்தங்கலில் எங்கள் சர்ச்சில் நடந்தது இது. அப்போது நான் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் டிசைன் வேலை பார்த்தேன். வேலை முடிந்ததும் நேரே பாட்டுப் பயிற்சிக்கு ஓடுவேன். யாராவது காரச்சேவுப் பொட்டலம் வாங்கி வந்திருப்பார்கள். கொறித்துக்கொண்டே பாட ஆரம்பித்து, புரையேறிச் சிரித்த சாயங்காலங்கள் அவை.

குழுவை நடத்தியவர் என் வயதுக்காரர்தான். பேங்கில் வேலை, மேற்கத்திய செவ்வியல் இசை என்றால் பைத்தியம். அந்த வருடம் 'கோரல்' என்ற வகையில் ஒரு பழைய ஜெர்மன் பாட்டைத் தமிழ் வரிகளோடு கற்றுக்கொடுத்தார். ஒரு காலத்தில் அந்த நாட்டுச் சர்ச்சுகளில் பாடகர்கள் லத்தீனில் பாட, சனங்கள் சும்மா கேட்டுக்கொண்டு நிற்பார்களாம். பிறகு எல்லோரும் பாட வேண்டும் என்றே எளிமையான மெட்டுகளைப் போட்டார்களாம். பின்னால் வந்த பெரிய இசைமேதைகள் அந்த மெட்டுக்குக் கீழே இன்னும் மூன்று குரல்களைச் சேர்த்தார்கள் என்பார். மேலே மெட்டைப் பாடுவது சோப்ரானோ. அதற்குக் கீழே ஆல்டோ, ஆண்களுக்கு டெனர், பேஸ். எனக்கு ஆல்டோ. தனியாகப் பாடினால் அது பாட்டு மாதிரியே இருக்காது. நாலும் சேரும்போது உடம்பு சிலிர்க்கும்.

மெட்டைப் பாடியது ஒரு அக்காவும் தங்கையும். அவர்களுடைய அம்மா, எம்.புதுப்பட்டி ஊருக்குப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். நாங்கள் பாட வேண்டிய நாளுக்கு முந்தின நாள், அங்கே பக்கத்து ரூமில் தீப்பிடித்துவிட்டது. அம்மாவுக்குக் கையிலும் முதுகிலும் தீக்காயம். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் இரண்டும் கூடவே போய்விட்டன.

பாட்டை விட்டுவிடலாம் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தபோது மூத்தவள் எனக்குப் போன் செய்தாள். "அம்மா பேசுதுக்கா. பாட்ட மட்டும் நிப்பாட்டிற வேணாம்னு சொல்லுது," என்றாள். அதற்கு மேல் அழுகைதான் கேட்டது.

மெட்டை நான் பாடுவதென்று ஆயிற்று. ஆராதனைக்கு அந்த அம்மாவோடு வேலை பார்க்கும் பெண்கள் சிலர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் இந்துக்கள். அவருக்காக ஜெபம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, தலையில் பூவோடு, பின்வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் வரியை எப்படியோ பாடிவிட்டேன். இரண்டாவது வரியில் மெட்டு மேலே ஏறும். அந்த இடத்தில் போனில் கேட்ட மூத்தவளின் குரல் ஞாபகம் வந்தது. சத்தமே வரவில்லை. மற்ற மூன்று குரல்களும் தலையில்லாத உடம்பு மாதிரி போய்க்கொண்டிருந்தன. பாட்டை நடத்தியவர் மட்டும் கையை இறக்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து அந்த மெட்டு வந்தது. வார்த்தை இல்லை, வெறும் முனகல். முதலில் ஒருத்தர், அப்புறம் அந்த வரிசை முழுக்க. சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. ஆனால் எங்கே ஏற வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மூச்சு திரும்பியது. என்னுடைய ஆல்டோவைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குக் கீழே பாடினேன். கடைசி வரைக்கும் மெட்டு அவர்களுடையதாகவே இருந்தது.

வெளியே வந்ததும் அவர்களிடம் ஓடினேன். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளைக வீட்ல பாடுறதக் கேட்டுட்டு வந்து, அவ வேலையில முனகிக்கிட்டே இருப்பா தாயி. எங்க வாயிலயும் ஒட்டிக்கிருச்சு. நீங்க பாதியில நிக்கவும் மனசு கேக்கல. தப்பா எடுத்துக்கிறாதீக," என்றார். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன்.

பிள்ளைகளின் அம்மா பல மாதம் கழித்துப் பிழைத்து வந்தார். விரல்கள் முழுதாக மடங்காது. கம்பெனிக்குத் திரும்பப் போகவில்லை. நடந்ததைக் கேட்டவர், "எங்க கம்பெனிப் பொம்பளைக நம்ம சர்ச்சுல பாடுச்சுகளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாராம்.

எங்கள் குழு இப்போது ஆளுக்கொரு ஊரில். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். இதைவிட நன்றாகத் தேர்ந்த குழுக்கள் எத்தனையோ பாடக் கேட்டுவிட்டேன். ஆனால் எல்லோரும் பாடுவதற்காகவே பிறந்த இசை என்று குழுவை நடத்தியவர் சொன்னதன் அர்த்தம், வார்த்தை தெரியாத அந்தப் பெண்கள் என் பாட்டை ஏந்திக்கொண்ட அன்றுதான் எனக்குப் புரிந்தது.