அடுப்பின் மேல் வெயில்

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு, நான்கு ஃப்ளாட் கட்டச் சுண்ணாம்புக் கோடு போட்டார் காதர் பாய். என் சமையலறைக்கு வெளிச்சம் போய்விடுமே என்ற பயத்தில், அவர் பக்கவாட்டில் விதிப்படி இடம் விடவில்லை என்று மாநகராட்சிக்குப் புகார் எழுதினேன்.

வந்த இன்ஜினியர் புகாரை பாய் முன்னாலேயே வாசித்தார். அளந்தார், பாய் சரியாகத்தான் விட்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். காலியாக விடவேண்டிய இடத்தில் நான்தான் தகரம் போட்டுச் சமையலறையை நீட்டியிருந்தேன். இடிக்க வேண்டும் என்றார்.

பாய்தான் இந்தியில் கெஞ்சி அவரை அனுப்பிவைத்தார்.

"வெளிச்சம் வேணும்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தள்ளிக் கட்டியிருப்பேம்லா அக்கா," என்றார்.

அதற்குப் பிறகும் ஓரடி தள்ளித்தான் கட்டினார். காலையில் அடுப்பின் மேல் வெயில் விழும்போதெல்லாம், முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரிவதில்லை.