ஒதீலைத் தெரியாது என்றவள்

பாரிஸில் எங்கள் வீட்டு மேல்மாடியில் குடியிருந்த பெர்ரீன், சேன்ட் ஒனோரே தெருவில் முசியே லெர்மினாவின் கடையில் தங்க மூக்குப்பொடி டப்பிகள் விற்றாள். ஒற்றை விரலால் மூடியைத் திறந்து காட்டுவாள், சத்தமே வராது. பொடி போடாத சீமாட்டிகள்கூட உடைக்கு ஒன்று என்று வாங்கிப் போவார்கள். அவள் பேச்சையும் நடையையும் பார்த்தால் பெரிய வீட்டுப் பெண் என்றுதான் தோன்றும். முதலாளியிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள்.

உண்மையில், தாயில்லாத அவளை வளர்த்து ஆளாக்கியது அக்கா ஒதீல். அந்த டப்பிகளுக்கெல்லாம் மெருகு போடுகிறவள். செந்தூளை எண்ணெயில் குழைத்து வெறும் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, அவள் கை எந்நேரமும் சிவந்தே இருக்கும்.

ஒரு குளிர்காலக் காலையில், வழக்கமாகச் சரக்கு எடுத்துவரும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட, ஒதீலே கடைக்கு வந்தாள். டப்பி வாங்க வந்து உள்ளே உட்கார்ந்திருந்த சீமாட்டி மதாம் தெ வில்ரோஷ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா, மூக்கும் முழியும் உன்னையே உரிச்சு வச்சிருக்கு. சொந்தமா?"

பெர்ரீனின் கண் அக்காவின் கைகளில் போய் நின்றது. "இல்லீங்க மதாம். மெருகு போடற பொம்பள. யாருன்னே எனக்குத் தெரியாது."

"ஆமாங்க, நான் எங்க, இவங்க எங்க" என்றாள் ஒதீல்.

அதோடு முடிந்திருந்தால் போயிற்று. மதாம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த எனாமல் டப்பியைக் கொஞ்ச நேரத்தில் காணோம். எல்லோர் பார்வையும் ஒதீல் மேல் திரும்பியது. திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்த் துணியைக் கழற்றிச் சோதிக்கும்படி முதலாளி பெர்ரீனிடமே சொன்னார். அவள் சோதித்தாள். பாவாடையை உதறினாள், காலுறையைத் திருப்பிப் பார்த்தாள். அக்கா உள்ளாடையோடு குளிரில் நின்றாள்.

டப்பி, மதாம் குளிருக்குக் கை நுழைத்திருந்த மயிருறைக்குள்ளேயே கிடந்தது. அவர் சிரித்துக்கொண்டே அதையே விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் பெர்ரீன், வேலை போனாலும் போகட்டும் என்று முதலாளியிடம் உண்மையைச் சொன்னாள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் அவர். "நீ வாயத் தொறக்காம இருந்ததே நல்லதாப் போச்சு. கடை மானம் தப்பிச்சுது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று என்னிடம் சொல்லி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். ஒதீல் எங்கள் இருவருக்கும் முட்டைக்கோஸ் சூப்பை ஊற்றி வைத்தாள். பெர்ரீன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"வேணாம்டி. என் துணிய உதறும்போது ஒன் கை நடுங்கிச்சு, பார்த்தேன். ஆறிப்போகுது, சாப்பிடு."

பெர்ரீன் கரண்டியைக் கையில் எடுத்தாள். சூப் ஆறும்வரை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

ஒதீல் அதன்பின் அந்தக் கடைப் படி ஏறவில்லை. பெர்ரீன் அங்கேயே வேலை பார்த்தாள். மெருகு யார் போட்டது என்று எவராவது கேட்டால், "எங்க அக்கா" என்பாள். சிலர் புருவத்தை உயர்த்துவார்கள், சிலர் பாராட்டுவார்கள். இப்போது அதைச் சொல்ல எந்தத் தைரியமும் தேவைப்படவில்லை. சொல்லும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு முகம் சுட்டது.