கரண்ட் போனால் ஒரு ரெக்கார்டு

ரெக்கார்டுக் கடை நடத்தக் காதும் பொறுமையும் வேண்டும். எனக்குக் காது இருந்தது. அதை வைத்தே குமாரபாளையத்தில் பதினெட்டு வருஷம் ஓட்டினேன். வாங்க வந்தவன் வாங்கிக்கொண்டு போனால் ஒரு தொல்லையும் இல்லை. போகமாட்டான். பக்கத்தில் நிற்கிறவன் கையில் இருக்கும் ரெக்கார்டுத் தட்டைப் பார்த்து, "இதையா வாங்கறீங்க? மனுசனாப் பொறந்தவன் கேக்கவேண்டியது இது இல்லீங்களே" என்று ஆரம்பிப்பான். எந்தக் கடை வைத்தவருக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். நம் சரக்கைப் பற்றி நம்மைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

தெரு

நான் கடை பிடித்த தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறிப் பட்டறைகள். வாடகை குறைவு என்று பிடித்தேன். ஏன் குறைவு என்று யோசிக்கவில்லை. முதல் நாள் ஊசியை வைத்தேன். தட்டு சுற்றியது. பாட்டு வருகிறதா என்று ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. பகலில் ஒரு மணி நேரம் கரண்ட் கட். தறிகள் நின்றதும் தெரு மூச்சுவிடும். பட்டறை ஆட்கள் வெளியே வந்து என் கடை முன்னால் நின்று ரெக்கார்டு அட்டைகளைப் பார்ப்பார்கள். பார்க்க மட்டும்தான் முடியும். என் பிளேயரும் அதே கரண்டில் ஓடுவதுதானே. எதிர்ப் பட்டறையில் அருக்காணி என்று ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். தனியாளாக நாலு தறி ஓட்டுவார். ஒரு நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்ணா, கரண்டு இருந்தாத் தறி கத்துது. கரண்டு போனா உங்க பொட்டி வாயை மூடிக்குது. இந்தக் கடையில பாட்டை எப்பத்தானுங்க கேக்கறது?"

ஆறு கட்டை

சேலம் போய், டார்ச்சுக்குப் போடுகிற பேட்டரிக் கட்டை ஆறு போட்டால் ஓடும் பிளேயர் ஒன்றை வாங்கி வந்தேன். கரண்ட் போகிற ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய தட்டை இரண்டு பக்கமும் கேட்கலாம். அடுத்தது மறுநாள்தான். ஒரு நாளைக்கு ஒன்று என்று ஆனதும் வினை ஆரம்பித்தது. எதை வைப்பது?

கணக்கு வாத்தியார் தங்கவேலு வாத்தியக் கட்சி. சாப்பாட்டு இடைவேளையில் சைக்கிளில் வந்துவிடுவார். பட்டறைகளில் தறி ரிப்பேர் பார்க்கும் செங்கோடன் மேஸ்திரி சினிமாக் கட்சி. ஒரு மனிதன் சாவதற்குள் கேட்டே ஆகவேண்டிய பத்து ரெக்கார்டு என்று காலண்டர் தாளின் பின்பக்கம் இருவரும் பட்டியல் போட உட்கார்ந்தார்கள். தாள் என்னுடையது. பேனாவும் என்னுடையது. எட்டு நாள் ஆகியும் ஒன்றாம் நம்பர் காலி. பாட்டில் வார்த்தை வந்தாலே மனசு அர்த்தத்தைத் தேடிப் போய்விடும், அதனால் வார்த்தையே இல்லாத சங்கீதம்தான் உசத்தி என்றார் வாத்தியார். மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டார்: "வார்த்தை வேண்டாம்னா நான் தறியையே கேட்டுக்குவனே வாத்தியாரே! அதுவுந்தான் தாளம் தப்பாம அடிக்குது."

கதை வசனம்

அப்போது சினிமாக் கதை வசனம் முழுக்க ரெக்கார்டில் வரும். மேஸ்திரி அதில் ஒன்றைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். அது சங்கீதமே அல்ல என்று வாத்தியார் குதித்தார். படம்தான் வருகிறதே, தட்டு எதற்கு என்று நானும் எரிந்து விழுந்தேன். மேஸ்திரி அசையவில்லை: "அந்தப் படத்தை ஒம்பது வாட்டி பாத்தேனுங்க. விசிலடிச்ச அடியில ஒரு வசனங்கூடக் காதுல உழுகல. இப்பத்தான் கதையே தெரியுது."

வெற்றிலைக்காரர்

பரமத்தி வேலூரிலிருந்து வெற்றிலைக் கொடிக்காலுக்குச் சொந்தக்காரர் ஒருவர் ஏதோ காரியமாக வந்தவர், கரண்ட் இல்லாத நேரத்தில் கடை முன்னால் நின்றார். ஒரு அம்மாள் பாடிய முருகன் பாட்டுத் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக் கேட்டார். தட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் தட்டோடு வந்துவிட்டார். ஏமாற்றிவிட்டேனாம். கீறல் இல்லை, வளைசல் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது: அன்றைக்குப் பிளேயரில் கட்டைகள் தீர்ந்துபோகிற சமயம். தட்டு மெதுவாகச் சுற்றி அந்த அம்மாளின் குரல் ஆண்பிள்ளைக் குரலாக இறங்கியிருக்கிறது. விளக்கிச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை: "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஊட்டுல வெச்சாப் பொம்பள பாடுது. அன்னிக்குப் பாடுன ஆம்பளயக் குடுங்க."

புல்லாங்குழல்

ஒரு நாள் வாத்தியார் கட்சி ஜெயித்தது. புல்லாங்குழல் தட்டு வைத்தேன். தெருவில் ஒரு சத்தம் இல்லை. குழல் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. அருக்காணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எப்பங்ணா ஆரம்பிக்கும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

தறிப் பட்டறையில் யாரும் குரலால் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்தும் கைஜாடையிலும்தான் பேச்சு. இருபத்தைந்து வருஷம் அப்படிப் பேசிப் பழகியதில், அருக்காணிக்குக் காது போய்க்கொண்டிருப்பது எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. எதிரில் நிற்பவர் உதட்டைப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறார். தட்டில் ஏது உதடு?

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு காது டாக்டரிடம் அருக்காணியை அவர் வீட்டுக்காரர் கூட்டிப்போனார். கீச்சென்ற மேல் சத்தம்தான் முதலில் போயிருக்கிறது, போனது திரும்பாது, தறிச் சத்தத்தை விட்டு வெளியே வந்தால் இருப்பதாவது தங்கும், வராவிட்டால் அதுவும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் கரண்ட் போனதும் நேராக என்னிடம் வந்தார் அருக்காணி. வாத்தியாரும் மேஸ்திரியும் காலண்டர் தாளை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "தறியை விடற பேச்சு வேண்டாங்ணா. காது இருக்கறதுக்குள்ள எதைக் கேக்கோணும், அதை மட்டும் சொல்லுங்க."

பதினாறு

வாத்தியாருக்கு இத்தனை நாள் வாய் ஓயவில்லை. இப்போது கேட்டால் தரையைப் பார்க்கிறார். மேஸ்திரியும் அப்படியே. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கொஞ்சம் புத்தி வேலை செய்யும். வெற்றிலைக்காரர் நினைவுக்கு வந்தார்.

அந்தக் காலத்துப் பிளேயரில் வேகத்தை மாற்ற ஒரு திருகு இருக்கும். பதினாறு, முப்பத்துமூன்று, நாற்பத்தைந்து, எழுபத்தெட்டு. பதினாறை யாரும் தொடமாட்டார்கள். அந்த வேகத்துக்கு என் கடையில் ஒரு தட்டுக்கூடக் கிடையாது. புல்லாங்குழல் தட்டை மறுபடி வைத்துத் திருகைப் பதினாறுக்குத் திருப்பினேன். குழல் பாதி வேகத்தில், தடித்த குரலில், குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டார். ராகத்தைக் கொலை செய்கிறேனாம். அருக்காணி ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். ஒரு பக்கம் முடிகிறவரை நிமிரவில்லை. "கேக்குதுங்ணா. இது குழலா? நான் யாரோ அழுது முடிச்சுட்டுப் பேசறாங்கன்னு நெனச்சேன்."

நிபந்தனை

அடுத்த பக்கத்தை வை என்றார். நான் ஊசியைத் தூக்கிவிட்டேன். "தறியை விடு அம்மிணி. அப்புறம் வைக்கிறேன்" என்றேன். அவர் உதட்டைப் படிக்க வசதியாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். தெருக்கோடியில் நெய்த வேட்டிகளை மடித்துக் கட்டுப்போடுகிற குடோன் இருந்தது. சத்தம் இல்லாத இடம். கூலி கொஞ்சம் குறையும். மேஸ்திரி ஏற்கனவே அங்கே பேசி வைத்திருந்தார்.

அருக்காணிக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தத் தெருவில் நாலு தறியைப் பிசிறில்லாமல் ஓட்டுகிற ஆள் அவர் ஒருவர்தான். ஆண்களில்கூட இல்லை. அது அவருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். "நாலு தறி ஓட்டறவள வேட்டி மடிக்கச் சொல்றீங்க. ரெக்கார்டை உட்டுப்போட்டு நாளையிலிருந்து பேட்டரிக் கட்டை மட்டும் விக்கச் சொன்னா, நீங்க விப்பீங்களா?"

பதினோரு நாள்

பதினோரு நாள் அவர் கடைப் பக்கம் வரவில்லை. கரண்ட் போனாலும் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் தட்டு வைத்தேன், கழற்றினேன். அவசரப்பட்டுவிட்டேனா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாத்தியார் ஆமாம் என்றிருப்பார்.

பன்னிரண்டாம் நாள் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே தெருவைத் தாண்டி வந்தார். காலையில் அவருடைய தறி ஒன்றில் ஏதோ கழன்று சத்தம் மாறி அடித்திருக்கிறது. வாசலில் நின்ற மேஸ்திரிக்குக் கேட்டிருக்கிறது. தறி பக்கத்திலேயே நின்ற அருக்காணிக்குக் கேட்கவில்லை. இரண்டு முழம் துணி பாழ். அந்தத் தெருவில் அவர் கையால் பாழான முதல் துணி. தறி இரைச்சலில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. இந்தத் தடவை நான்தான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்: "திங்கக்கெழமையிலிருந்து குடோனுக்குப் போறேனுங்ணா. அந்த ரெண்டாம் பக்கத்தை எடுத்து வைங்க."

மூச்சு

குடோனில் சேர்ந்த பிறகு தினமும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வந்துவிடுவார். வீணை, நாதஸ்வரம், சினிமா, எதுவானாலும் முதலில் பதினாறில் ஒரு பக்கம், பிறகுதான் மற்றவர்களுக்கு. பாதி வேகத்தில் கேட்டால் சில சினிமாப் பாட்டு சாமி பாட்டு மாதிரி இருக்கும். சில சாமி பாட்டு பேய் பிடித்த மாதிரி இருக்கும். மேஸ்திரிக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. வாத்தியார் மட்டும் அந்த நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

இரண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வாத்தியார் வந்தார். புல்லாங்குழல் தட்டை வைக்கச் சொன்னார். வைத்தேன். திருகைத் தானே பதினாறுக்குத் திருப்பினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "முப்பது வருசமாக் கேக்கறேன். இவரு எந்த எடத்துல மூச்சு எடுக்கறாருன்னு இன்னைக்குத்தாங்க தெரிஞ்சுது. அந்தப் பொம்பள கிட்டச் சொல்லிராதீங்க."

அஸ்தம்பட்டி

ஒரு வருஷம் கழித்து அருக்காணி மறுபடி அந்த டாக்டரிடம் போனார். அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் சண்டையே இல்லை. மேஸ்திரி ஒரு பீடியை நாலு தடவை பற்றவைத்தார். வாத்தியார் பள்ளிக்கூடம் திரும்ப நேரமாகியும் போகவில்லை. நான் வீணைத் தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

கரண்ட் வரக் கொஞ்ச நேரமே இருந்தபோது அருக்காணி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். மஞ்சள் பையை மடித்துக் கையில் வைத்திருந்தார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் தட்டைப் பிளேயரில் வைத்துத் திருகைத் திருப்பப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்: "போன வருசம் எப்பிடியோ அப்பிடியே இருக்குதாமுங்க. ஒரு பொட்டுக் கொறையலைன்னுட்டாரு. வீணையை நாளைக்குக் கேட்டுக்கறேனுங்ணா, இன்னிக்குக் குடோன்ல லோடு ஏத்தறாங்க."

எந்தப் பத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்பதில் எங்கள் தெரு கடைசிவரை ஒத்துப்போகவில்லை; நாளைக்கும் கேட்கலாம் என்பதில் மட்டும், எனக்குத் தெரிந்து, அங்கே ஒரு தகராறும் வந்ததில்லை.